கும்பிடும் அரசியல்வாதியும் பக்கம் சாயாத அரசும்

மட்டக்களப்பில் தேர்தல் நெருங்கினால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் வாசலில் வேட்பாளர் ஒருவர் தேங்காய் உடைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரா மதச்சார்பற்ற அரசியல் செய்யப்போகிறார்?" என்று ஒருவர் கேட்பார். "மதச்சார்பின்மை என்பதே கடவுள் இல்லை என்பவர்களுடைய கொள்கை, அது நமக்கு எதற்கு?" என்பார் இன்னொருவர். ஒருவர் கும்பிடுகிறவரைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் கும்பிடாதவரைப் பிடித்துக்கொள்கிறார். அரசு என்ன செய்கிறது என்பதை இருவரும் பார்ப்பதில்லை. மதச்சார்பின்மை என்ற ஏற்பாடு முழுவதும் அரசைப் பற்றியது. அதை விளங்கிக்கொண்டால் பிரார்த்தனைக்கு அரசியலில் எங்கே இடமுண்டு, எங்கே இல்லை என்பது தானாகவே தெளிவாகும்.

துருசைத் திறப்பவர்

அம்பாறை மாவட்டத்தில் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இறங்கும் நீர் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோருடைய வயல்களுக்கும் பாய்கிறது. ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் ஒரு வட்டவிதானை இருப்பார். வாய்க்கால் நீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. விதைப்புக்கு முன் ஒரு விவசாயி வரம்பில் பொங்கலிடுவார், இன்னொருவர் துஆ ஓதுவார், வேறொருவர் பிரித் நூல் கட்டிக்கொள்வார். எதுவும் செய்யாமல் நேராக வயலில் இறங்குகிறவரும் உண்டு. வட்டவிதானைக்கு இதில் தலையிட வேலையில்லை. அவரும் திருநீறு பூசியவராகவோ தொப்பி அணிந்தவராகவோ இருக்கலாம். தன் சொந்த வயலில் அவர் எப்படியும் வழிபடலாம். ஆனால் நீரைத் திறந்துவிடும் மதகான துருசில் கை வைக்கும்போது, "இது யாரைக் கும்பிடுகிறவனுடைய வயல்?" என்ற கேள்வி அவர் மனத்தில் எழக்கூடாது.

போகத் தொடக்கத்தில் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். தண்ணீரை எந்தத் திகதியில் திறப்பது, எந்த வயது நெல்லை விதைப்பது என்று அங்கேதான் முடிவாகிறது. "என் குலதெய்வம் கனவில் வந்து சொன்னது, வெள்ளிக்கிழமை திறவுங்கள்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அவருடைய பக்தியை யாரும் இகழமாட்டார்கள். ஆனால் அந்தக் கனவை வைத்துக் கூட்டத்தால் முடிவெடுக்க முடியாது. குளத்தில் நீர் எவ்வளவு, மழை எப்போது, அறுவடை எந்த மாதத்தில் விழும் என்பவை எல்லோரும் எடைபோடக்கூடிய காரணங்கள். முடிவு அவற்றின்மேல்தான் நிற்கும்.

இந்த வயற்கண்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். துருசில் இருக்கும் கை அரசு. ஆரம்பக் கூட்டம் அரசியல். வரம்பில் நடக்கும் வழிபாடு சமயம்.

சில சொற்கள்

அரசு என்பது சட்டம் இயற்றி, வரி அறவிட்டு, தேவைப்பட்டால் பொலிஸை அனுப்பி நம்மைக் கட்டுப்படுத்தக்கூடிய அதிகாரம். அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட வேண்டும் என்று மக்கள் கூடி, வாதாடி, ஊர்வலம் போய், வாக்களித்து முடிவுசெய்யும் நடவடிக்கை முழுவதும் அரசியல். அரசு எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல், எந்தச் சமயத்தவரையும் சமயம் இல்லாதவரையும் குறைத்து நடத்தாமல் இருப்பது மதச்சார்பின்மை. தன்னிலும் பெரியது என்று நம்பும் ஒன்றின் முன் தன்னை நிறுத்தி வாழ முயல்வதை ஆன்மிகம் என்று கொள்வோம். பிரார்த்தனை அதன் குரல்.

பக்கம் சாயாமல் இருப்பதற்கு ஒரே மாதிரி கிடையாது. பிரான்ஸ் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசையும் திருச்சபையையும் பிரித்தது, அங்கே அரசு சமயத்திடமிருந்து விலகி நிற்கிறது. அமெரிக்காவில் 1791இல் வந்த முதலாவது திருத்தம், அரசாங்கம் ஒரு சமயத்தை நிறுவுவதையும் தடுக்கிறது, வழிபாட்டுச் சுதந்திரத்தில் கைவைப்பதையும் தடுக்கிறது. இந்தியா 1976இல் தன் அரசியலமைப்பின் முகவுரையிலேயே மதச்சார்பற்ற நாடு என்று எழுதிக்கொண்டது. ஆனால் பல மாநிலங்களில் கோயில் நிர்வாகத்தை அரசுத் துறையே பார்க்கிறது. இவை எதிலும் குடிமக்கள் கும்பிடக்கூடாது என்றோ, கும்பிடுகிறவர் அரசியலுக்கு வரக்கூடாது என்றோ இல்லை.

இலங்கை எந்த வகை?

இங்கேதான் குழப்பம் அதிகம். இலங்கையை முழுமையான மதச்சார்பற்ற நாடு என்று சொல்ல முடியாது. சமய அரசு என்றும் சொல்ல முடியாது.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்ற பிரிவு இருந்தது. எந்தச் சமயத்தின் சுதந்திரமான வழிபாட்டையும் தடுக்கும் சட்டத்தையோ, ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் சலுகை தரும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று அது சொன்னது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இல்லாமற்போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற ஏற்பாடு வந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கி, புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமை என்கிறது. மற்றச் சமயங்களுக்கு 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் தரும் உரிமைகளை உறுதிப்படுத்திக்கொண்டே அதைச் செய்ய வேண்டும் என்றும் அதே வாக்கியம் சொல்கிறது.

அந்த இரண்டு உரிமைகளும் ஒன்றல்ல. 10ஆவது, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம். விரும்பிய நம்பிக்கையை வைத்திருக்கவும் மாற்றிக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை அது. இதை எந்தக் காரணத்துக்காகவும் மட்டுப்படுத்த அரசியலமைப்பில் வழியில்லை. 14(1)(உ) அந்த நம்பிக்கையை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் போதனையிலும் வெளிக்காட்டும் உரிமை. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறருடைய உரிமை போன்ற காரணங்களுக்காகச் சட்டம் இதை மட்டுப்படுத்தலாம். உள்ளே நம்புவதை அரசு தொட முடியாது, வெளியே செய்வதை ஓரளவு ஒழுங்குபடுத்தலாம் என்பதே இதன் பொருள். இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஓட்டமாவடிக்கு வரும்போது தேவைப்படும்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பல சமயத்தவர் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் நாட்டில், துருசில் இருப்பவர் ஒரு வயலுக்குத் தான் கடமைப்பட்டவர் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லதல்ல. மற்ற வயல்களுக்கும் நீர் வரும் என்ற உறுதி அதே வரியில் இருந்தாலும், கடைவயல்காரனின் நெஞ்சு ஒவ்வொரு போகமும் பதறவே செய்யும். 9ஆம், 10ஆம் உறுப்புரைகளை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். ஆகவே இன்றைய நிலையில் கிழக்கில் வாழும் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் கையில் இருக்கும் உறுதியான கருவி 10ஆம் உறுப்புரைதான். அதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பக்கம் சாயாமல் இருக்கக் கடமைப்பட்டது அரசு. கும்பிடும் உரிமை ஆளுக்குரியது. இலங்கை அரசியலமைப்பு ஒரு சமயத்துக்கு முதன்மை தந்தாலும், ஒவ்வொருவருடைய நம்பிக்கையையும் தொடமுடியாத இடத்தில் வைத்திருக்கிறது.

சபையில் பிரார்த்தனை

ஒரு நகர சபையின் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கலாமா? கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சகினே என்ற நகரத்தில் மேயர் அப்படித்தான் தொடங்கிவந்தார். கடவுள் நம்பிக்கையற்ற நகரவாசி ஒருவர் முறையிட்டார். 2015இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், அரசின் நடுநிலைமையை அது மீறுகிறது என்று கூறி நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுதான், நியூயோர்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊர்ச் சபையில் நடந்த பிரார்த்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தது. நீண்டகால மரபு, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். பிரித்தானிய மக்கள் சபை இன்றும் பிரார்த்தனையோடுதான் அமர்வைத் தொடங்குகிறது. ஆக, நடுநிலைமையை மதிக்கும் நீதிபதிகளே இதில் இரு பக்கமாக நிற்கிறார்கள்.

நம் பகுதி அரச நிகழ்ச்சிகளில் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வழிபாடு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தேவாரம், கிராஅத், ஜெபம், பிரித் எல்லாம் ஒரே மேடையில் ஒலிக்கும். இவ்வளவு இரத்தம் சிந்திய மண்ணில் அந்தக் காட்சிக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. ஆயினும் அதில் கவனிக்க வேண்டியது கட்டாயம். எழுந்து நிற்காத உத்தியோகத்தருக்கு அடுத்த நாள் கெடுபிடி வருகிறதா? வந்தால் அந்த வழிபாடு அரசின் கட்டளையாக மாறிவிட்டது. வராவிட்டால் அது மரியாதையாகவே இருக்கிறது.

பதவிச் சத்தியத்தில் நம் அரசியலமைப்பு இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. நான்காம் அட்டவணையிலுள்ள வாசகத்தில், சத்தியம் செய்கிறேன் என்றும் சொல்லலாம், உறுதியுரைக்கிறேன் என்றும் சொல்லலாம். கடவுளை அழைக்க விரும்புகிறவர் அழைக்கலாம். விரும்பாதவர் தன் மனச்சாட்சியை வைத்து உறுதி தரலாம். இரண்டுக்கும் ஒரே பெறுமதி.

பிரார்த்தனை அரசியலுக்குத் தந்த வலு

மதச்சார்பின்மையைப் பேசுகிறவர்களில் சிலர் பிரார்த்தனையை அரசியலுக்கு ஒவ்வாத பழம்பொருளாகப் பார்க்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

காந்தி ஒவ்வொரு மாலையும் நடத்திய பிரார்த்தனைக் கூட்டத்தில் கீதையும் குர்ஆனும் கிறிஸ்தவப் பாடல்களும் இருந்தன. 1947இல் டெல்லியில் குர்ஆன் ஓதுவதற்குக் கூட்டத்திலிருந்து எதிர்ப்பு வந்தபோது, மற்றவற்றை மட்டும் ஓதிவிட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்தினார். 1948 ஜனவரி 30ஆம் திகதி பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்துபோகும்போதுதான் சுடப்பட்டார். மட்டக்களப்பு வாவிக்கரையில் அவர் பெயரால் இருக்கும் பூங்காவில் அமரும்போது, அந்த மனிதருக்குப் பிரார்த்தனையும் அரசியலும் இரண்டு வேறு நேரங்களாக இருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். கறுப்பினத்தவரின் ஊர்வலங்கள் தேவாலயங்களிலிருந்தே புறப்பட்டன. ஆனால் 1964இல் நிறைவேறிய சிவில் உரிமைகள் சட்டம் எந்த வேதத்தின் பெயராலும் எழுதப்படவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான மொழியில் எழுதப்பட்டது.

நம் நாட்டிலும் இருக்கிறது. 1980களின் இறுதியில் தெற்கில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார், அன்னையர் முன்னணியாகத் திரண்டு, 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் முறையிட்டார்கள். நீதிமன்றமும் பொலிஸும் கதவடைத்தபோது, ஆட்சியாளர் தடுக்க முடியாத ஒரே மேடை அதுதான். கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து அழுதிருக்கிறார்கள். அதைச் சமயத்தை அரசியலில் கலப்பது என்று யாராவது குறை சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தாய் எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. தன் பிள்ளை எங்கே என்று கேட்கிறாள். அவள் கையில் அரசு அதிகாரம் இல்லை, அதனால் அவளுடைய பிரார்த்தனை அரசின் நடுநிலைமையைக் குலைக்கவும் முடியாது.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் துறவி. ஆனால் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியது அந்தத் துறவுதான். ஆன்மிகம் பொதுவாழ்வுக்குள் வருவதற்கு வேட்புமனுதான் வழி என்றில்லை.

காரணம் எல்லோருக்கும் விளங்க வேண்டும்

மனிதரைத் தூண்டுவது எதுவாகவும் இருக்கலாம், சட்டத்துக்குச் சொல்லும் காரணம் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். அரசியல் சிந்தனையாளர்கள் இதைப் பொதுக் காரணம் என்கிறார்கள். சமய நம்பிக்கை வேறுபட்டாலும் எந்தக் குடிமகனும் எடைபோட்டு ஏற்கவோ மறுக்கவோ கூடிய காரணம் என்பது அதன் பொருள்.

பாடசாலைக்கு அருகே மதுபானசாலை ஒன்று திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹராம் என்பதால் ஒருவர் எதிர்க்கிறார், பாவம் என்பதால் இன்னொருவர், குடித்து அழிந்த தந்தையை நினைத்து மூன்றாமவர். மூவரும் பிரார்த்தித்துவிட்டே கூட்டத்துக்கு வரலாம். பிரதேச செயலகத்துக்குப் போகும் மனுவில், பிள்ளைகள் போகும் பாதை, வீட்டு வன்முறை, விபத்து ஆகியவை எழுதப்பட வேண்டும். அப்போதுதான் எந்த மதத்தையும் சேராத அதிகாரியும் அதை ஏற்க முடியும்.

பொதுக் காரணம் மக்களை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, அரசையும் கட்டுப்படுத்துகிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் சொல்லப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்காக வழிபாட்டு உரிமையை மட்டுப்படுத்தலாம் என்று மேலே பார்த்தோம் அல்லவா? ஆகவே வெளித்தோற்றத்தில் அது சட்டத்துக்குள் நின்றது. ஆனால் நல்லடக்கத்தையும் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. சொன்ன காரணத்தை எடைபோட்டால் அது நிற்கவில்லை. முஸ்லிம்கள் தங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்படுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது, நல்லடக்கத்தை நாடிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அதே துயரம். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கிப் புறப்பட்ட பேரணியில் சமயத் தலைவர்கள் முன்னே நடந்தார்கள். தமிழர்களின் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையும் சேர்ந்திருந்தது, முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்தார்கள். அந்த மாத இறுதியில் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் முதலாவது நல்லடக்கங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் நடந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சுகாதாரம் என்ற பெயர் மட்டும் இருந்தால் அது பொதுக் காரணமாகிவிடாது என்பதற்கு ஓட்டமாவடி மண்ணே சாட்சி.

சுருக்கமாக: பிரார்த்தனை அரசியலுக்குத் துணிவும் இரக்கமும் தரலாம். ஆனால் சட்டமாகும் இடத்தில், அந்தப் பிரார்த்தனையைப் பகிராதவருக்கும் விளங்கும் காரணம் வேண்டும், அரசு தரும் காரணமும் அதே தராசில் ஏற வேண்டும்.

வழிபாட்டிடம் வாக்குச் சந்தையானால்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வழிபாட்டிடங்கள் பட்டதை நினைக்காமல் இதை எழுத முடியாது. 1987இல் அறந்தலாவையில் பஸ்ஸில் சென்ற 33 பௌத்த பிக்குகள் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் பேராலயத்தினுள், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். சமய அடையாளம் அதிகார மோதலுக்குள் இழுக்கப்பட்டால் முதலில் சாவது கும்பிட வந்தவர்களே.

அதற்கான முதல் அடி மிகச் சாதாரணமாக எடுத்துவைக்கப்படுகிறது. "இவருக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வக் குற்றம்" என்று ஒரு பூசகரோ, "இது மார்க்கக் கடமை" என்று ஒரு பேச்சாளரோ ஒலிபெருக்கியில் சொல்லும் இடத்தில் அது தொடங்குகிறது. பலருக்குத் தெரியாத விடயம், நம் தேர்தல் சட்டம் இதைக் குற்றமாக வைத்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில், வாக்காளரைத் தகாத முறையில் நிர்ப்பந்திக்கும் குற்றத்தின் கீழ், உடலுக்கு மட்டுமல்ல, ஆன்மாவுக்குத் தீங்கு வரும் என்று மிரட்டி வாக்குக் கேட்பதும் அடங்கும். தேர்தல் காலத்தில் சமயக் கூட்டமொன்றில் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பேசுவதும், துண்டுப்பிரசுரம் கொடுப்பதும், வழிபாட்டிடத்தில் தேர்தல் கூட்டம் நடத்துவதும் அதே வகையில் வரும்.

கவனியுங்கள், வேட்பாளர் கும்பிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கொக்கட்டிச்சோலையில் வடம் பிடிக்கலாம், ஆயித்தியமலை மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றலாம், ஜும்ஆவில் முன்வரிசையில் நிற்கலாம். அவருக்காகப் பிறர் பிரார்த்திக்கலாம். தடை இருப்பது கூடியிருக்கும் பக்தர்களின் அச்சத்தையும் பக்தியையும் வாக்காக மாற்றுவதற்கு.

ஆகவே திருவிழாவோ கந்தூரியோ தேர்தல் காலத்தில் வந்தால், கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிர்வாக சபையினரும் ஆலயப் பங்குச் சபையினரும் ஒலிபெருக்கி யார் கையில் போகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துவது, மேடையில் பெயர் சொல்லி வாழ்த்துவது ஆகியவற்றைத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைக்கலாம், அதனால் யாருடைய நேர்த்தியும் தவறிப்போகாது. மீறி நடந்தால் அங்கிருந்தவர்கள் திகதி, இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே குறித்துவைத்து மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடலாம். முறையிடுகிறவர் அந்தக் கோயிலின், அந்தப் பள்ளிவாசலின், அந்த ஆலயத்தின் ஆளாகவே இருந்தால் இன்னும் நல்லது.